பன்னிரண்டாம் வகுப்புக்கு முந்தைய கோடை: எச்-4 விசாவில் பிள்ளை வளர்க்கும் பெற்றோருக்கு

அமெரிக்காவில் பதினோராம் வகுப்பை முடித்த பிள்ளைக்கு, கல்லூரி விண்ணப்பத்துக்கு முன்னால் கையில் இருக்கும் கடைசிப் பெரிய விடுமுறை அந்த ஆண்டின் கோடைதான். நாங்கள் வாழும் நியூ ஜெர்சியில் அது ஜூன் மாதத்தின் மூன்றாம் வாரவாக்கில் தொடங்கி, செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் தினம் வரை நீளும். எங்கள் மகளுக்கு அந்தக் கோடை 2024இல் வந்தது. என் கணவர் அலுவலக வேலையாக டெக்ஸாஸில் இருந்தார். மாதத்தில் சில நாள்தான் வீட்டுக்கு வருவார். உறவினர் வட்டத்தில் இந்த நாட்டுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு விண்ணப்பித்தவர் ஒருவரும் இல்லை. அந்தச் சில மாதங்களில் நான் தனியாகத் தேடி, அலைந்து, பணம் கட்டி, பிறகு புரிந்துகொண்டவற்றை, அடுத்து அந்த இடத்துக்கு வரப்போகும் பெற்றோருக்காக எழுதுகிறேன். எங்களைப் போல எச்-1பி என்ற வேலை விசாவிலும், அதில் இருப்பவரின் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் தரும் எச்-4 விசாவிலும் இருந்துகொண்டு, நிரந்தரவாசி உரிமையான கிரீன் கார்டுக்கான வரிசையில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்களுக்கு இது மிகவும் தேவைப்படும் என்று நினைக்கிறேன். பள்ளி நடத்தும் கூட்டங்களில் இந்த நிலையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

நான் திருநெல்வேலியில் படித்தவள். எங்கள் காலத்தில் பிளஸ் டூ தேர்வு எழுதினோம். கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களோடு நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும் கூட்டிக் கட்-ஆஃப் போட்டார்கள். கிண்டிக்குப் போய் அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வில் உட்கார்ந்து கல்லூரியைத் தேர்ந்தெடுத்தோம். விடுமுறையில் என்ன செய்தாய் என்று எந்த விண்ணப்பமும் எங்களைக் கேட்டதில்லை. இங்கே மதிப்பெண்ணுக்கு அடுத்து, பள்ளிக்கு வெளியே உன் நேரத்தை எப்படிச் செலவிட்டாய் என்பதையும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு விடை தேடும் பெற்றோரின் பதற்றத்தை நம்பியே இங்கு ஒரு பெரிய வணிகம் நடக்கிறது. எங்களுக்கு அது பிப்ரவரி மாதத்தில் ஒரு கடிதமாக வந்து சேர்ந்தது.

தடித்த உறை, தங்க நிற முத்திரை, மகளின் முழுப்பெயர். அவள் தலைமைப் பண்பு மிக்க மாணவியாகப் பரிந்துரைக்கப்பட்டிருப்பதாகவும், நாடறிந்த ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் மூன்று வாரம் நடைபெறும் மருத்துவத் தலைமைத்துவ முகாமுக்குத் தேர்வாகியிருப்பதாகவும் அதில் எழுதியிருந்தது. கட்டணம் 5,400 டாலர். இடத்தை உறுதிசெய்யக் கட்டும் முன்பணம் திரும்பக் கிடைக்காது. அதற்கும் சில நாள்தான் கெடு. மகள் அந்தக் கடிதத்தைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தாள். ஊரிலிருந்து பேசிய என் மாமியாரிடம் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னபோது அவர் கண்கலங்கினார். நாங்கள் பணத்தைக் கட்டினோம். படுக்கை விரிப்பு, துணி துவைக்கும் செலவு, ஊர் சுற்றும் நாள்களுக்கான கைச்செலவு என்று எல்லாம் சேர்ந்தபோது மொத்தம் ஆறாயிரம் டாலரை நெருங்கியது.

இந்த முகாம்கள் எப்படி நடக்கின்றன என்பதைப் பின்னரே தெரிந்துகொண்டேன். கோடையில் பல்கலைக்கழக விடுதிகளும் வகுப்பறைகளும் காலியாகக் கிடக்கும். வெளி நிறுவனங்கள் அவற்றை வாடகைக்கு எடுத்து முகாம் நடத்துகின்றன. வளாகம் மட்டும்தான் பல்கலைக்கழகத்தினுடையது; பாடத்திட்டம், கற்பிப்பவர், சான்றிதழ் எல்லாம் அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவை. இது அவர்களுடைய விளம்பரத் தாளின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். பல்கலைக்கழகங்கள் தாங்களே நடத்தும் கோடை வகுப்புகளும் உண்டு. அவற்றில் பேராசிரியர்கள் கற்பிப்பதும், சிலவற்றில் பட்டப்படிப்புக் கணக்கில் சேரும் கல்லூரி கிரெடிட் கிடைப்பதும் உண்மை. பாடத்தின் மீது ஆர்வமுள்ள பிள்ளைக்கு அவை பயன்படலாம். ஆனால் அவற்றிலும் பல, பணம் கட்டக்கூடிய பெரும்பாலோருக்கு இடம் தருபவை. இதில் சேர்வதால் எங்கள் கல்லூரியில் அனுமதி கிடைக்க எந்தச் சலுகையும் இல்லை என்று அவர்களே பல இடங்களில் எழுதிவைத்திருக்கிறார்கள். கடிதத்தில் பரிந்துரைக்கப்பட்டவர் என்ற சொல்லைக் கண்டால், பரிந்துரைத்தது யார் என்று அவர்களிடம் கேளுங்கள். நான் பின்னர் கேட்டதற்கு நேரடியான விடை வரவில்லை. எங்கள் தெருவிலேயே மூன்று வீடுகளுக்கு அதே கடிதம் வந்திருந்தது.

முகாமிலிருந்து மகள் இரவில் தொலைபேசியில் அழைப்பாள். முதல் வாரம் உற்சாகமாகப் பேசினாள். இரண்டாம் வாரத்தில், "அம்மா, நாள் பூராவும் ஸ்லைடு போட்டுக் காட்டுறாங்க. அதெல்லாம் எனக்குப் பள்ளிக்கூடத்துலயே தெரிஞ்சதுதான்," என்றாள். ஒரு நாள் மருத்துவமனைக்கு அழைத்துப் போவதாக நிகழ்ச்சி நிரலில் இருந்தது. கட்டடத்தின் வரவேற்புக்கூடம்வரை போய்த் திரும்பினார்கள். அவள் அழவில்லை, குரல் மட்டும் இறங்கியிருந்தது. நாங்கள் கட்டிய தொகை அவளுக்குத் தெரியும் என்பதால், குறை சொல்லவே தயங்கியிருக்கிறாள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் கனக்கிறது. பணம் போனது ஒரு பக்கம். சுமார் பத்து வாரமே இருக்கும் விடுமுறையில் மூன்று வாரம் அப்படிப் போனது இன்னொரு பக்கம்.

உண்மையிலேயே மதிப்புள்ள கோடை நிகழ்ச்சிகளை அடையாளம் காண்பது அவ்வளவு கடினம் அன்று. அவை ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் கேட்கும், மாணவரைக் கட்டுரை எழுதச் சொல்லும், பலரை நிராகரிக்கும். கட்டணம் வாங்காது, அல்லது குடும்ப வருமானத்தைப் பார்த்துக் குறைக்கும். 1984 முதல் நடந்துவரும் ஆர்எஸ்ஐ என்ற ஆராய்ச்சி முகாம் எம்ஐடி எனப்படும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் வளாகத்தில் நடக்கிறது. படிப்பு, தங்குமிடம், உணவு எதற்கும் பணம் இல்லை. எம்ஐடி நடத்தும் மைட்ஸ் என்ற ஆறு வார நிகழ்ச்சியும், டெலுரைடு அமைப்பின் கோடைக் கருத்தரங்கும் அப்படியே இலவசமானவை. பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் நடக்கும் ப்ரோமிஸ் என்ற கணித முகாமுக்குக் கட்டணமும் உண்டு, உதவித்தொகையும் உண்டு. அவர்கள் கொடுக்கும் கணக்குகளோடு மாணவர் வாரக்கணக்கில் மல்லுக்கட்டி விடை எழுதி அனுப்பிய பிறகே இடம் கிடைக்கும். இவற்றுக்கெல்லாம் விண்ணப்பக் கெடு டிசம்பர் முதல் மார்ச் வரைக்குள் முடிந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் கோடைக்கு என்ன செய்யலாம் என்று தேடத் தொடங்கினால், கண்ணில் படுபவை பெரும்பாலும் பணம் வாங்கும் நிகழ்ச்சிகளாகவே இருக்கும். ஆகவே பதினோராம் வகுப்பின் தீபாவளி சமயத்திலேயே இந்தப் பட்டியலை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

அப்படி எடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டிய வரி, தகுதி விதிகளில் இருக்கும் குடியுரிமைப் பகுதி. ஆர்எஸ்ஐக்கு அமெரிக்காவிலிருந்து விண்ணப்பிப்பவரும், மைட்ஸுக்கு விண்ணப்பிப்பவரும் குடிமக்களாகவோ நிரந்தரவாசிகளாகவோ இருக்க வேண்டும். அரசு ஆய்வகங்கள் நடத்தும் கோடைப் பயிற்சிகள் பலவற்றிலும் இதே நிபந்தனை உண்டு. இரண்டு வயதில் இங்கு வந்து, பாலர் வகுப்பிலிருந்து இங்கேயே படித்த பிள்ளையிடம் இதை விளக்குவது பெற்றோருக்கு எளிய காரியம் இல்லை. என் மகளுக்கு அது கோடையின் தொடக்கத்திலேயே, எங்கள் வீட்டருகில் உள்ள ஒரு ஐஸ்கிரீம் கடையில் தெரியவந்தது.

அவளுடைய தோழிகள் இருவர் அந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அந்த ஆண்டு நியூ ஜெர்சியில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15.13 டாலர். கடைக்காரருக்கு இவளையும் பிடித்துப்போய், வரச் சொல்லிவிட்டார். பிறகு, வேலை செய்யும் உரிமையைச் சரிபார்க்கும் ஐ-9 படிவத்தை நீட்டிச் சமூகப் பாதுகாப்பு எண்ணைக் கேட்டார். எச்-4இல் இருக்கும் பிள்ளைக்கு அந்த எண் கிடையாது. வேலை செய்யும் அனுமதியும் கிடையாது. எச்-4 துணைவர்களில் சிலருக்குக் கிடைக்கும் வேலை அனுமதி அட்டை பிள்ளைகளுக்குப் பொருந்தாது. அவள் வீட்டுக்கு வந்து, "நான் மட்டும் ஏம்மா?" என்று கேட்டாள். விடை எனக்குத் தெரியும், சொல்லத்தான் முடியவில்லை. உங்கள் பிள்ளை பதினைந்து வயதை எட்டும்போதே, எது முடியும், எது முடியாது என்பதை உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள். முன்பின் அறியாத ஒருவர் நீட்டும் படிவத்திலிருந்து அதைத் தெரிந்துகொள்ளும் நிலை அவர்களுக்கு வரக்கூடாது.

கையில் ரொக்கமாகக் கொடுக்கிறோம், யாருக்குத் தெரியப்போகிறது என்று சொல்பவர்களும் வருவார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். அனுமதியின்றிச் செய்த வேலை பின்னாளில் விசா மாற்றத்தின்போதும் கிரீன் கார்டு நேரத்திலும் குறுக்கே நிற்கும். சம்பளமில்லாப் பயிற்சி என்றாலும் கவனம் தேவை என்று நாங்கள் ஆலோசித்த குடியேற்ற வழக்கறிஞர் கூறினார். லாபநோக்குள்ள நிறுவனத்தில், வழக்கமாகச் சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் வேலையைச் சம்பளமின்றிச் செய்தாலும் அதை வேலையாகக் கருத இடமுண்டு. ஆராய்ச்சி ஆய்வகம் ஊக்கத்தொகை தருவதாகச் சொன்னால் அதையும் கேட்டுத் தெளிந்த பிறகே ஏற்க வேண்டும். லாபநோக்கற்ற தொண்டு அமைப்பில், எல்லோரும் தன்னார்வமாகவே செய்யும் பணியைச் செய்வதற்குத் தடையில்லை. நூலகம், உணவு வங்கி, கோயில், தமிழ்ப் பள்ளி, முதியோர் இல்லம் ஆகியவை எச்-4 பிள்ளைக்குத் திறந்திருக்கும் வாசல்கள்.

அவற்றில் ஒன்றுதான் எங்கள் கோடையின் மீதி வாரங்களைக் காப்பாற்றியது. முகாம் முடிந்து வந்த மகள் சில நாள் அறைக்குள்ளேயே இருந்தாள். அவளைப் பெரிய திட்டம் எதிலும் தள்ளும் தெம்பு எனக்கும் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு பள்ளி வழியாகச் சில சனிக்கிழமைகளில் அவள் போய்வந்த உணவு வங்கிக்கு மறுபடியும் போகச் சொன்னேன். கோடையில் தன்னார்வலர் பலர் ஊருக்குப் போய்விடுவதால், வார நாள்களிலும் ஆள் தேவை என்று அங்கே சொன்னார்கள். அங்கு அவளுக்குக் கொடுத்த வேலை டப்பாக்களைப் பிரிப்பது. நன்கொடையாக வந்து குவியும் டப்பாவின் அடியில் அச்சடித்திருக்கும் தேதியைத் தேடிப் பிடித்து, ஆண்டை மூடியின் மேல் கறுப்பு மார்க்கரால் பெரிதாக எழுதி, ஆண்டுவாரியாக அடுக்க வேண்டும். பழையது முன்னால், புதியது பின்னால்.

அங்கு வரும் முதியவர்களில் குஜராத்திகளும் தெலுங்கர்களும் நம்மவர்களும் உண்டு. மகன், மகள் வழியில் கிரீன் கார்டில் வந்து, வருமானமில்லாமல் இருப்பவர்கள். அவர்கள் டப்பாக்களை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுவதை அவள் கவனித்திருக்கிறாள். காய்கறி சூப் என்று படம் போட்டிருக்கும். உள்ளே கோழிச் சாறு சேர்ந்திருக்கும். மசித்த பீன்ஸ் டப்பாவில் பன்றிக் கொழுப்பு இருக்கும். பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலை அவர்களால் படிக்க முடியாது; சந்தேகம் வந்தால் அரிசியை மட்டும் வாங்கிக்கொண்டு போவார்கள். மகள் நிர்வாகியிடம் அனுமதி கேட்டு, ஒவ்வொரு டப்பாவின் சேர்மானத்தையும் படித்து, இறைச்சி, மீன், கொழுப்பு, ஜெலட்டின் ஏதும் இல்லாதவற்றின் மேல் பச்சை வட்ட ஸ்டிக்கர் ஒட்டத் தொடங்கினாள். இந்தியாவில் பிஸ்கட் பொட்டலம் வாங்கிய எவருக்கும் அந்தப் பச்சைப் புள்ளியின் பொருள் தெரியும். ஒருவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆகஸ்டில் அந்த அலமாரி ஒவ்வொரு வாரமும் காலியாகிக்கொண்டிருந்தது. ஸ்டிக்கர் சுருளுக்கு ஆன செலவு பத்து டாலருக்குள். அவளுக்கு அதைச் செய்ய யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. விண்ணப்பத்துக்காகவும் அவள் செய்யவில்லை.

இந்த இரண்டு அனுபவங்களின் எடையும் விண்ணப்பப் படிவத்தில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு விளங்கியது. நூற்றுக்கணக்கான கல்லூரிகள் ஏற்றுக்கொள்ளும் காமன் ஆப் படிவத்தில் பத்துச் செயல்பாடுகளைக் குறிப்பிடலாம். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள்தான், இடைவெளியும் சேர்த்து. வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டில் எத்தனை வாரம் என்றும் கேட்பார்கள். ஆறாயிரம் டாலர் முகாமைப் பற்றி எழுத அவளுக்கு 150 எழுத்துகளுக்கே விஷயம் இல்லை; கலந்துகொண்டேன், கேட்டேன் என்பதற்கு மேல் வினைச்சொல் கிடைக்கவில்லை. உணவு வங்கிக்கு அந்த இடம் போதவில்லை. படித்தேன், பிரித்தேன், ஒட்டினேன், புதிதாக வந்த தன்னார்வலர்களுக்குக் கற்பித்தேன் என்று வினைகள் வரிசையாக வந்தன. கோடையில் எதில் நேரம் செலவிடுவது என்று தயங்கும்போது இந்த 150 எழுத்துகளை மனத்தில் வைத்துப் பாருங்கள். செப்டம்பரில் அந்தப் பெட்டிக்குள் உங்கள் பிள்ளை எந்த வினைச்சொற்களை எழுத முடியும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டால், விளம்பரத் தாள்களில் பாதி தாமாகவே ஒதுங்கிவிடும்.

அதே படிவத்தில் குடும்பப் பொறுப்புகள் என்று ஒரு வகையே இருக்கிறது. இது நம்மவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, ஆங்கிலம் தெரியாத தாத்தா பாட்டியை மருத்துவரிடம் அழைத்துப் போய் மொழிபெயர்ப்பது, வீட்டில் சமைப்பது ஆகிய எல்லாவற்றையும் அதில் எழுதலாம். நான் வாரத்தில் சில மாலைகள் படிப்பதற்காக வகுப்புக்குப் போகிறேன். அந்த நேரங்களில் தம்பியைக் கவனித்துக்கொண்டது என் மகள்தான். அதை எழுத அவள் கூச்சப்பட்டாள். எழுதச் சொன்னேன்.

கல்லூரிகள் எதை எவ்வளவு மதிக்கின்றன என்பதை ஊகிக்க வேண்டியதும் இல்லை. பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் காமன் டேட்டா செட் என்ற ஆவணத்தை வெளியிடுகின்றன. கல்லூரியின் பெயரோடு சேர்த்துத் தேடினால் கிடைக்கும். அதில் சி7 என்று ஓர் அட்டவணை உண்டு. பாடங்களின் கடினம், மதிப்பெண், கட்டுரை, பரிந்துரைக் கடிதம், செயல்பாடுகள், தன்னார்வப் பணி, வேலை அனுபவம், மாணவர் அந்தக் கல்லூரியின் மீது காட்டும் ஆர்வம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் எதிரே, மிக முக்கியம் என்பதிலிருந்து கருதப்படுவதில்லை என்பது வரை நான்கு கட்டங்களில் ஒன்றைக் குறித்திருப்பார்கள். இந்த அட்டவணையை நான் ஜூலைக் கடைசியில்தான் பார்த்தேன். பிப்ரவரியில் என் கண்ணில் பட்டிருந்தால் அந்தத் தங்க முத்திரைக் கடிதத்தை வேறு விதமாகப் படித்திருப்பேன். சில கல்லூரிகளில் மாணவரின் ஆர்வமும் கருதப்படுகிறது. அங்கெல்லாம் வளாகத்தை நேரில் சுற்றிப் பார்ப்பதும், இணையவழி அறிமுகக் கூட்டத்தில் பெயர் பதிந்து கலந்துகொள்வதும் பயன் தரும். அதற்குக் கோடையே வசதியான காலம்.

ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டுத் தருகிறோம் என்று வரும் அழைப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில ஆயிரம் டாலருக்கு ஒரு வழிகாட்டி, சில வாரங்களில் ஓர் ஆய்வுக் கட்டுரை, மாணவர்களுக்கென்றே நடக்கும் ஓர் இதழில் வெளியீடு என்பது அந்தத் திட்டம். முகாமுக்குப் பிறகு எங்களிடம் அதற்குப் பணமும் இல்லை, மனமும் இல்லை. பாடத்தில் உண்மையான ஆர்வம் இருக்கும் பிள்ளைக்கு அதைவிட நல்ல வழி அருகிலேயே இருக்கிறது. எடிசனில் உள்ள மிடில்செக்ஸ் கல்லூரியைப் போல, நியூ ஜெர்சியின் மாவட்டக் கல்லூரிகளில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கோடையில் ஒரு பாடம் எடுத்துப் படிக்கலாம். கலிபோர்னியாவில் இதே போன்ற சமுதாயக் கல்லூரிகள் பல, உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் பாடக் கட்டணமே வாங்குவதில்லை. கிடைக்கும் மதிப்பெண் நிரந்தரப் பதிவில் நிற்கும் என்பதால், அந்த வாரங்களில் பிள்ளைக்கு நேரம் இருக்குமா என்று பார்த்துச் சேர வேண்டும். தமிழ்ப் பள்ளியில் சிறுவர்களுக்குக் கற்பிப்பதும் நல்ல பணி. தமிழை எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை, இரண்டு மொழிகளில் தேர்ச்சி பெற்றவருக்கு நியூ ஜெர்சி மாநிலம் தரும் இருமொழி முத்திரைக்குத் தேர்வு எழுதலாமா என்று பள்ளியில் கேட்டுப் பார்க்கலாம்.

இனி நாள்காட்டி. ஜூனில் பள்ளி மூடுவதற்கு முன்பே இரண்டு ஆசிரியர்களிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டுவிட வேண்டும். செப்டம்பரில் கேட்டால் அவர்களிடம் ஏற்கனவே நீண்ட வரிசை இருக்கும். சிலர் எண்ணிக்கை வரம்பு வைத்திருப்பார்கள். மதிப்பெண் பட்டியலின் நகலையும் அப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். நியூ ஜெர்சியின் மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸ் போன்றவை ஒன்பதாம் வகுப்பிலிருந்து படித்த ஒவ்வொரு பாடத்தையும் மதிப்பெண்ணையும் மாணவரே தட்டச்சு செய்யும் படிவத்தைக் கேட்கின்றன. அதை நிரப்ப ஒரு முழு மாலை ஆகும். கல்லூரி அனுமதிக்கான எஸ்ஏடி தேர்வை மறுபடி எழுத நினைப்பவர்களுக்கு ஆகஸ்ட் மாதத் தேர்வு உண்டு. அதற்கு, தேர்வை நடத்தும் கல்லூரி வாரியத்தின் ப்ளூபுக் செயலியில் மாதிரித் தேர்வுகளும், கான் அகாடமியில் பயிற்சியும் இலவசமாகக் கிடைக்கின்றன. தேர்வு மதிப்பெண் வேண்டாம் என்றிருந்த டார்ட்மவுத், யேல், பிரவுன், ஹார்வர்டு ஆகியவை மறுபடியும் தேர்வு மதிப்பெண் கேட்கப்போவதாக 2024இல் அறிவித்ததால் அந்தக் கோடையில் பெற்றோர் பலர் பதறினர். ஒவ்வொரு கல்லூரியின் விதியையும் அந்தந்த ஆண்டு அதன் பக்கத்திலேயே சரிபார்ப்பது ஒன்றே வழி.

காமன் ஆப் ஆகஸ்ட் 1ஆம் தேதி புதிய ஆண்டுக்குத் திறக்கும். முதன்மைக் கட்டுரைக்கான தலைப்புகள் அதற்குப் பல மாதம் முன்பே வெளியாகிவிடும். 650 சொற்களுக்குள் எழுத வேண்டும். கலிபோர்னியா பல்கலைக்கழகங்களுக்குத் தனி விண்ணப்பம். அங்கே எட்டுக் கேள்விகளில் நான்கைத் தேர்ந்து ஒவ்வொன்றுக்கும் 350 சொற்களுக்குள் விடை எழுத வேண்டும். பல கல்லூரிகளில் முன்கூட்டிய விண்ணப்பத்துக்கு நவம்பர் 1 கெடு என்பதால், பள்ளி திறந்து வீட்டுப்பாடங்கள் குவிவதற்குள் முதன்மைக் கட்டுரையின் முதல் வரைவாவது கையில் இருப்பது பெரிய ஆறுதல். ஒரு ஆலோசனை நிறுவனம் கட்டுரைகளுக்கு மட்டும் 4,000 டாலர் கேட்டது. நாங்கள் மறுத்துவிட்டோம். மகள் டப்பாக்களையும் பச்சைப் புள்ளியையும் பற்றி ஒரு வரைவு எழுதினாள். அவளுடைய ஆங்கில ஆசிரியை செப்டம்பரில் இரண்டு முறை படித்துத் திருத்தம் சொன்னார். முதல் வரைவில் நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. மாற்றத் தோன்றியது, அடக்கிக்கொண்டேன். அந்த ஆங்கிலம் அவளுடையதாக இருந்தது.

பணக் கணக்கையும் கோடையிலேயே போட்டுப் பார்த்துவிட வேண்டும். எச்-4 மாணவர்களுக்கு மத்திய அரசின் கல்வி உதவி கிடையாது. சில கல்லூரிகள் அவர்களை உள்நாட்டு மாணவராகவும், சில வெளிநாட்டு மாணவராகவும் கணக்கிடுகின்றன. வெளிநாட்டு மாணவராகக் கணக்கிடும் இடங்களில், உதவி கேட்பதே அனுமதி வாய்ப்பைப் பாதிக்கலாம். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட், டார்ட்மவுத், போடின் போன்ற மிகச் சில கல்லூரிகளே வெளிநாட்டு மாணவரிடமும் பணத்தேவையைப் பார்க்காமல் அனுமதி முடிவெடுக்கின்றன. நான் ஜூலையில் பட்டியலில் இருந்த ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரே மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பினேன்: எச்-4 மாணவரை எந்தப் பிரிவில் வைப்பீர்கள், அந்த மாநிலத்தில் வசிப்போருக்கான குறைந்த கட்டணம் (மாநிலவாசிக் கட்டணம்) பொருந்துமா, உங்கள் சொந்த நிதியிலிருந்து உதவி கிடைக்குமா. கோடையில் அலுவலகங்களில் கூட்டம் குறைவு என்பதால் பெரும்பாலோர் ஒரு வாரத்துக்குள் பதில் தந்தார்கள். அந்தப் பதில்களைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பட்டியலில் இருந்த சில பெயர்கள் அப்போதே நீங்கின. மகளுக்கு வருத்தம்தான், ஆனால் ஏப்ரலில் அனுமதி வந்த பிறகு பணமில்லை என்று சொல்வதைவிட அது தாங்கக்கூடிய வருத்தமாக இருந்தது.

இருபத்தொரு வயதில் பிள்ளை எச்-4இலிருந்து வெளியேற வேண்டியிருப்பதால், மாணவர் விசாவான எஃப்-1க்கு எப்போது மாறுவது என்பதையும் அந்தக் கோடையிலேயே வழக்கறிஞரிடம் பேசிவிட்டோம். எச்-4இல் இருந்தபடியே கல்லூரியில் படிக்கலாம். எஃப்-1க்கு மாறினால் வளாகத்துக்குள் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யவும், பின்னர் பாடத்தோடு இணைந்த பயிற்சிக்குச் செல்லவும் வழி திறக்கும். சில மாநிலங்களில் அந்த மாற்றம் மாநிலவாசிக் கட்டணத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் கல்லூரியிடமும் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். மகள் இப்போது ரட்கர்ஸில் படிக்கிறாள். இரண்டாம் ஆண்டில் மாறுவதென்று தீர்மானித்திருக்கிறோம். மகன் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டான். அவனுடைய பெயருக்கும் அதே தங்க முத்திரை உறை வந்தது. அதைப் பிரித்து, அடியில் இருந்த சிறிய எழுத்தை அவனையே சத்தமாகப் படிக்கச் சொன்னேன்.